பெண்பிள்ளைகளுக்குத் தனி மணி

1

"அம்மா, நான் ஆறரை" என்றாள் நித்யா.

"ஆறரைக்கு எங்கே போகணும்?" என்று கேட்டேன். என் கையில் பாயசக் கரண்டி.

"மணி இல்லம்மா. பத்துக்கு ஆறரை."

மதிப்பெண் என்றதும் என் கணவரின் காது நிமிர்ந்துகொண்டது. "எந்தப் பாடத்துல?"

"முகத்துல."

நாங்கள் கனடாவில் வந்து இறங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் நிறைந்த நாள் அது. ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் நான் பாயசம் வைப்பேன். அவர், "இன்னும் ரெண்டே வருஷம், அப்புறம் ஊருக்குப் போயிடலாம்" என்பார். நித்யா, "எந்த ஊருக்கு?" என்று கேட்பாள். அந்த ஆண்டு மட்டும் சடங்கு நடக்கவில்லை. ஆறரை குறுக்கே வந்துவிட்டது.

பாதித் தமிழிலும் மீதி ஆங்கிலத்திலுமாக அவள் சொன்னதைத் தொகுத்தால் விஷயம் இதுதான். அவள் படிப்பது ஆறாம் வகுப்பு. வகுப்பில் நான்கு பையன்கள் கூடி எல்லாப் பெண்களின் பெயரையும் ஒரு தாளில் எழுதி, முகத்துக்கு மார்க் போட்டு, கோட்டுகள் மாட்டுகிற இடத்தில் ஒட்டிவிட்டார்கள். இவளுடைய தோழிக்கு ஒன்பது. கேரன் என்ற பெண்ணுக்கு இரண்டு. கேரன் இரண்டு நாளாகப் பள்ளிக்கு வரவில்லை.

"உனக்கு வருத்தமா?" என்று கேட்டேன்.

"வருத்தம் கேரனுக்கு. எனக்குக் கோபம்."

அவளுடைய பையிலிருந்து பள்ளிக்கூடத்துக் கடிதம் ஒன்று வெளியே வந்தது. நடந்ததற்குப் பள்ளி மிகவும் வருந்துகிறது. பெற்றோர் இத்துடன் உள்ள படிவத்தை நிரப்பி, வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு வரவேண்டும். அதுவரை பெண்பிள்ளைகளின் நலன் கருதி, மதிய இடைவேளையில் அவர்கள் வெளியே போகாமல் நூலகத்தில் இருக்கலாம்.

"நல்ல ஏற்பாடுதானே. நாலு புத்தகம் படிக்கலாம்" என்றார் என் கணவர்.

"அப்பா, பாஸ்கெட்பால் லைப்ரரில இல்ல. வெளியில இருக்கு."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பழக்கமானது. உலகத்தைச் சுற்றிக்கொண்டு இவ்வளவு தூரம் வந்து, குளிர்கோட்டும் போட்டுக்கொண்டு, என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தது.

2

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் ஒன்பதாம் வகுப்புப் படித்தேன். ராசிபுரத்துக்குச் சற்றுத் தள்ளி, சேலம்–நாமக்கல் பஸ்கள் நின்று போகும் ஒரு ஊர். அங்கே ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் உயர்நிலைப்பள்ளி. சேர்ந்து படிக்கும் பள்ளி என்றுதான் சொன்னார்கள். வகுப்பில் பையன்கள் முப்பத்தெட்டு, நாங்கள் பதினொன்று.

எங்களுக்கென்று ஓர் அறை உண்டு. பெயர் 'பெண்கள் ஓய்வறை'. அதில் உடைந்த பெஞ்சுகளும் கிழிந்த தேசப்படங்களும் ஓய்வெடுத்துக்கொண்டிருக்கும். இடம் மிச்சமிருந்தால் நாங்களும் இருப்போம். ஆசிரியர் வகுப்புக்குப் போகும்போது அந்த அறை வாசலில் ஒரு முறை இருமுவார். நாங்கள் வரிசையாக அவர் பின்னால் போய் உட்கார வேண்டும். மணி அடித்ததும் மறுபடி வரிசையாக அறைக்குத் திரும்ப வேண்டும். ஆசிரியருக்கு முன்னால் வகுப்பில் இருந்தால் பையன்கள் சாக்பீஸ் எறிவார்கள், பின்னலைப் பெஞ்சில் கட்டுவார்கள் என்பது காரணம். பையன்களிடம் எறியாதே என்று சொல்லலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. எங்களுக்கும் தோன்றவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அறிவியல் சோதனை என்றால் பையன்கள் செய்வார்கள், நாங்கள் முடிவை எழுதிக்கொள்வோம். ஆக்ஸிஜன் தயாரிப்பதை நான் கற்றது ஒரு பையனுடைய தோளுக்கும் இன்னொரு பையனுடைய காதுக்கும் நடுவில் இருந்த சந்து வழியாக. விளையாட்டுக்கு எங்களுக்கு ஒரே ஒரு ரப்பர் வளையம் இருந்தது. அது தலைமையாசிரியர் அறையில் ஆணியில் தொங்கியது. வெயில் பட்டால் வெடித்துவிடும் என்று வெளியே எடுப்பதில்லை.

எல்லாவற்றுக்கும் சிகரம் அந்த மணி. பள்ளி மணி என்பது வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. அதை அடித்தால் ஊருக்கே கேட்கும். அது நாலு மணி இருபது நிமிடத்துக்கு அடிக்கும். அதற்குப் பத்து நிமிடம் முன்னால் பியூன் முத்து வகுப்பு வாசலில் வந்து நின்று, பூசை மணி போன்ற ஒரு சிறிய கைமணியைக் கிணுகிணு என்று ஆட்டுவார். அது பெண்பிள்ளைகளுக்குத் தனி மணி. சாலையில் பையன்கள் தொந்தரவு செய்கிறார்கள் என்று யாரோ ஒரு பெற்றோர் புகார் சொன்னதன் பேரில், அவர்களுக்கு முன்னதாக நாங்கள் போய்விட வேண்டும் என்று தலைமையாசிரியர் கண்டுபிடித்த வழி.

கடைசிப் பாடவேளை கணக்கு. கணக்கு வாத்தியார் பலகையின் இடது மூலையில் ஆரம்பித்து, வலது மூலைக்கு வந்து விடையைச் சொல்வது அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தில்தான். நாங்கள் பதினோரு பேரும் கணக்கை ஆரம்பிக்க மட்டும் தெரிந்தவர்களாக வளர்ந்தோம்.

இதில் இன்னொரு கூத்து. பஸ் நாலே முக்காலுக்குத்தான் வரும். பத்து நிமிடம் முன்னால் போனால், பத்து நிமிடம் கூடுதலாக நிறுத்தத்தில் நிற்போம். அதற்குள் தண்டவாளம் அடித்து, பையன்கள் சைக்கிளில் வந்து சேர்ந்து, எங்களைச் சுற்றி எட்டுப் போட ஆரம்பித்துவிடுவார்கள்.

"நம்மள முன்னாடி அனுப்பறது, அவுங்க தேடாம கண்டுபுடிக்கறதுக்குத்தான் புள்ள" என்றாள் பூங்கொடி.

பூங்கொடி என் பெஞ்சுத் தோழி. இரண்டு மைல் தள்ளியிருந்த ஊரில் மரவள்ளியும் கடலையும் போடும் பண்ணையக்காரக் குடும்பம். அதிகம் பேச மாட்டாள். பேசினால் அதற்கு மேல் நாம் பேச ஒன்றும் மிச்சமிருக்காது.

3

பள்ளியின் பின்சுவர் சந்தைக்குப் போகும் வழியைப் பார்த்து இருந்தது. அதில் கரியால் பெயர்கள் எழுதுவார்கள். ஒரு பெண்ணின் பெயர், நடுவில் கூட்டல் குறி, ஒரு பையனின் பெயர். கணக்கில் அந்தக் குறியைக் கண்டால் எங்களுக்கு ஒன்றும் ஆகாது. சுவரில் கண்டால் யாருடைய பெயர் என்று ஓடிப்போய்ப் பார்ப்போம்.

ஆடி மாதத்தில் சரோஜாவின் பெயர் வந்தது. ராசிபுரம் பட்டு நெசவுக் குடும்பத்துப் பெண். ராசிபுரத்திலேயே, எங்கள் தெருவுக்கு மூன்று தெரு தள்ளி அவள் வீடு. விடை சொல்லாத கணக்குக்கும் வீட்டுக்குப் போய்த் தானே விடை கண்டுபிடிக்கிறவள் எங்களில் அவள் ஒருத்திதான். அழுதுகொண்டு தலைமையாசிரியரிடம் போனாள். நானும் துணைக்குப் போனேன். அவர் தம்மம்பட்டிப் பக்கத்துக்காரர், கெட்ட மனிதர் இல்லை. கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்:

"தலையைக் குனிஞ்சிக்கிட்டுப் போனா எவனும் எழுத மாட்டான்மா. சரி, விடு. பொங்கலுக்கு வெள்ளையடிப்போம், அப்போ தானாப் போயிடும்."

ஆடிக்கும் பொங்கலுக்கும் நடுவில் சரோஜாவின் அப்பா ஒரு முறை சந்தைக்குப் போனார். மறுநாள் சரோஜாவின் இடம் காலியாக இருந்தது. அடுத்த வாரம் வருகைப் பதிவேட்டில் அவள் பெயர்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. கூட்டல் குறிக்கு அந்தப் பக்கம் இருந்த பையன் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான்.

அன்று வீட்டில் அப்பாவிடம் கேட்டேன். "எம்பேரை எழுதிப்போட்டா என்னையும் நிறுத்திப்போடுவீங்களா?"

அப்பா சேலம்–நாமக்கல் தடத்தில் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். சீட்டுக் கிழிக்கும் பையைக் கழற்றி மாட்டியபடி யோசித்தார்.

"எங்க பஸ்ஸுல சீட்டு முதுகு பூரா பேருதான் எழுதிக் கெடக்குது, அம்மிணி. அதுக்காகப் பஸ்ஸை நிறுத்திப்போட்டா சனம் எப்படி ஊடு போய்ச் சேரும்?"

"உங்களுக்கு எல்லாமே சிரிப்புத்தானுங்க" என்று அம்மா உள்ளேயிருந்து சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெரிய நிம்மதி வந்தது. சரோஜாவின் அப்பாவும் கண்டக்டராக இருந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

4

இங்கே நித்யாவின் பள்ளிப் படிவம் நான்கு பக்கம். முதல் கேள்வியே குடும்பப் பெயர். நம் பக்கத்தில் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை என்பதை இந்த நாட்டுக்கு விளக்க முடியாமல், வந்த முதல் வாரமே என் கணவர் தம் தந்தையின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து வங்கியிலும் மருத்துவமனையிலும் நான் 'மிஸஸ் செங்கோடன்'. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்று என்னை வளர்த்தார்கள். இங்கே அந்தப் பெயரை யார் கூப்பிட்டாலும் 'யெஸ்' என்று எழுந்து நிற்பது நான்தான். மாமனாருக்கு இது தெரியாது. தெரியவும் வேண்டாம்.

மூன்றாம் பக்கத்தில் ஒரு கேள்வி: இந்தச் சம்பவத்தோடு உங்கள் தொடர்பு என்ன? பாதிக்கப்பட்டவர், சாட்சி, பெற்றோர், இதர. பெற்றோருக்கு நேராகக் கோடு போட்டேன். பிறகு யோசித்து மற்ற மூன்றுக்கும் போட்டேன்.

"எல்லாத்துக்கும் டிக் போட்டா செல்லாதும்மா" என்றாள் நித்யா.

"செல்லும்" என்றேன்.

5

கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை, சந்தை நாள். காலையில் வந்து பார்த்தால் பின்சுவரில் பூங்கொடியின் பெயர். கூட்டலுக்கு அந்தப் பக்கம் சேகர் என்ற பையன். அவனுடைய முகத்தில் காலையிலேயே ஒரு மாப்பிள்ளைக் களை.

பூங்கொடியைப் படிக்கவைத்தது அவளுடைய அப்பா. படிப்பு போதும் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தது அவளுடைய சித்தப்பா. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருந்த ஒரு மாப்பிள்ளையை அவர் பார்த்தும் வைத்திருந்தார். வியாழன்தோறும் கடலை மூட்டையோடு அந்த வழியாகத்தான் சந்தைக்குப் போவார். சரியாக நாலு மணிக்கு.

காலை இடைவேளையில் தாவணி முனையை நனைத்துத் துடைத்துப் பார்த்தோம். கரி கரைந்து பரவி, முன்னைவிடப் பெரிய எழுத்தாகத் தெரிந்தது. தலைமையாசிரியரிடம் போகலாமா என்றேன். "போனா என்ன சொல்லுவாரு? தலையக் குனியச் சொல்லுவாரு" என்றாள் பூங்கொடி. அடுத்த இரண்டு பாடவேளை அவள் பலகையைப் பார்க்கவே இல்லை.

மதியம் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே சொன்னாள். "அழிக்கத்தான் முடியல. எழுத முடியுமல்ல?"

"என்னத்த எழுதறது?"

"எல்லாரு பேரையும். ஒரு பேரு இருந்தாத்தான் புள்ள அது பேரு. ஊருப்பட்ட பேரு இருந்தா அது அட்டெண்டன்ஸ்."

பதினோரு பேரில் (சரோஜா போனதால் பத்து) இரண்டு பேர் பயந்தார்கள். பிறகு, தங்கள் பெயர் விட்டுப்போனால் தனியாகத் தெரியும் என்று அதற்கும் பயந்து சேர்ந்துகொண்டார்கள். கரிக்கு நான் எதிரில் இருந்த டீக்கடைக்கு ஓடினேன்.

"கரி எதுக்கு சாமி?" என்றார் கடைக்காரர்.

"சயின்ஸுக்குங்க."

"அட, சயின்ஸா! நெம்ப எடுத்துக்கோ."

பையன்கள் மதியம் ஏரிக்கரை வரை போய்விட்டுத்தான் வருவார்கள். நாற்பது நிமிடம் இருந்தது. வருகைப் பதிவேடு எங்களுக்கு மனப்பாடம். தினமும் இரண்டு முறை கேட்கிறோமே. நான் வரிசையாகச் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதினார்கள். ஒவ்வொரு பையனுக்கும் குறைந்தது மூன்று பெண்கள். உயரமானவர்கள் மேலே, குட்டையானவர்கள் கீழே. பத்தாவது பெயருக்குப் பிறகு சிரிப்பு வந்துவிட்டது. இருபதாவது பெயரில் எங்களால் நிற்கவே முடியவில்லை. அந்தப் பள்ளியில் நாங்கள் அதுவரை சத்தமாகச் சிரித்ததே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தோம். பூங்கொடி + சேகர் எங்கே இருக்கிறது என்று எங்களுக்கே கண்டுபிடிக்க முடியவில்லை. வலது மூலையில் மட்டும் 'ஹெட்மாஸ்டர் + மணி' என்று இருந்தது. அதை எழுதியது யார் என்று இன்றுவரை ஒருத்தியும் ஒப்புக்கொள்ளவில்லை. நான் இல்லை.

6

ஏரிக்கரையிலிருந்து திரும்பிய பையன்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவனும் தன் பெயரைக் கண்டுபிடித்தான். சேகருக்குக் காலையில் இருந்த மாப்பிள்ளைக் களை போய்விட்டது. ஐந்து பெண்களோடு ஒருத்தன் எப்படி மாப்பிள்ளையாக இருக்க முடியும்? வகுப்பிலேயே நல்ல பையன் என்று பெயரெடுத்த சுப்பிரமணி, "எங்கய்யன் சந்தைக்கு வாராருங்க சார்! பாத்தாருன்னா தோலை உரிச்சுப்போடுவாருங்க!" என்று வாய்விட்டு அழுதபடி தலைமையாசிரியர் அறைக்கு ஓடினான். அவன் பின்னால் முப்பது பேர் ஓடினார்கள்.

எங்களையும் அழைத்தார்கள். கூடவே கமலா டீச்சர். தையல் சொல்லிக்கொடுக்கும் கமலா டீச்சர்தான் அந்தப் பள்ளியில் இருந்த ஒரே பெண் ஆசிரியை. எங்களுக்குக் காவலும் அவர்தான். பல்லி விழுந்தாலும் பயப்படுவார். கைக்குட்டையை முறுக்கிக்கொண்டு ஓரமாக நின்றார். ஜன்னல் முழுவதும் பையன்களின் தலை.

"யார் எழுதினது?" என்றார் தலைமையாசிரியர்.

கேட்டிருக்கவே வேண்டாம். பத்துப் பேர் கைகளும் கரிக்கட்டையாக இருந்தன. ஒருத்திக்கு மூக்கிலும் இருந்தது.

"நாங்கதானுங்க சார்" என்றாள் பூங்கொடி.

"பொம்பளைப் பிள்ளைங்க செய்யற காரியமாம்மா இது?"

"இல்லீங்க சார். இது பையனுக செய்யற காரியந்தானுங்க. நாங்க ஒரு நாளைக்குச் செஞ்சு பாத்தோம்."

ஜன்னலில் ஒருவன் சிரித்து, அடி வாங்கினான். தலைமையாசிரியர் முகம் சிவந்து, "முத்து! உடனே சுண்ணாம்பு கொண்டா! சந்தைக்காரங்க வர்றதுக்குள்ள அடிச்சு முடி!" என்று கத்தினார். முத்து ஓடினார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வாளியும் மட்டையுமாகப் பின்சுவரில் வேலை தொடங்கிவிட்ட சத்தம் கேட்டது.

அதைக் கேட்டுக்கொண்டே பூங்கொடி மெதுவாகச் சொன்னாள். "சார், ஆடி மாசம் சரோஜா பேரை எழுதுனாங்க. பொங்கலுக்குத்தான் வெள்ளையடிப்போம்னு சொன்னீங்க. இன்னிக்கு எப்படீங்க சார் அரை மணியில சுண்ணாம்பு வந்துச்சு?"

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை.

"அவளை... நிறுத்தினது அவங்க அப்பாதானேம்மா" என்றார்.

அப்போது ஓரத்திலிருந்து ஒரு குரல். யாருடைய குரல் என்று எங்களுக்கு முதலில் தெரியவில்லை. கமலா டீச்சர் அவ்வளவு நிதானமாகப் பேசி நாங்கள் கேட்டதில்லை.

"போன வருஷம் எம்பேரையும் எழுதியிருந்தானுங்க சார். பெரிய கிளாஸ் பசங்க. நான் ஒரு வாரம் லீவு போட்டேன், ஞாபகம் இருக்குதுங்களா? காய்ச்சல்னு எழுதிக்குடுத்தேன். காய்ச்சல் இல்லீங்க."

தலைமையாசிரியர் எழுந்து நின்றுவிட்டார். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். ஜன்னலைப் பார்த்து, "போங்கடா வகுப்புக்கு!" என்றார். தலைகள் மறைந்தன. பிறகு எங்களிடம் திரும்பி, "இப்போ என்னதாம்மா பண்ணணும்ங்கறீங்க?" என்றார்.

"கணக்குக்கு விடை வேணுமுங்க சார்" என்றாள் பூங்கொடி.

அவருக்குப் புரியவில்லை. அந்தப் பத்து நிமிடக் கதையை நான்தான் விளக்கினேன். எங்களை முன்னால் அனுப்புவதற்குப் பதிலாகப் பையன்களைப் பின்னால் அனுப்புங்கள் என்றேன். "ஆம்பளைப் பசங்களை எப்படிம்மா நிறுத்தி வைக்கிறது?" என்றார். கமலா டீச்சர், "பொம்பளைப் பிள்ளைங்களை நிறுத்தி வெச்ச மாதிரித்தானுங்க" என்றார். அன்று அவருக்கு என்னவோ ஆகிவிட்டிருந்தது.

நாலு மணிக்குப் பூங்கொடியின் சித்தப்பா மூட்டையோடு அந்த வழியாகப் போனார். ஈரம் காயாத வெள்ளைச் சுவரைப் பார்த்து, "பள்ளிக்கோடம் பளிச்சுன்னு இருக்குதே" என்று அன்று வீட்டில் சொன்னாராம்.

மறுநாள் முதல் கணக்கு வகுப்பில் கடைசிவரை உட்கார்ந்தோம். பள்ளி விட்டதும் பையன்களைத் தலைமையாசிரியரே பத்து நிமிடம் மைதானத்தில் நிறுத்தி வைத்துக் கை கால் ஆட்டச் சொன்னார். முந்நூறு பேரைத் தினமும் நிறுத்தி வைக்க அவர் படாத பாடு பட்டார். மூன்றே வாரத்தில் தொண்டை கட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு எல்லோருக்கும் ஒரே மணி. ஆனால் அவர் வாசலில் வந்து நிற்பார், பஸ் வரும்வரை. மாடிப்படிக்கு அடியில் ஒரு வாளி சுண்ணாம்பு எப்போதும் இருந்தது. எந்தப் பெயர் எழுதினாலும் அன்றே அடிக்க வேண்டும், எழுதியவன் கையாலேயே. சைக்கிளில் எட்டுப் போடுவது மட்டும் நிற்கவில்லை. ஆனால் எட்டு கொஞ்சம் பெரிய எட்டாக, தள்ளி நின்று போடும் எட்டாக ஆயிற்று.

பூங்கொடி பள்ளிப் படிப்பை முடித்தாள். இப்போது நாமக்கல்லில் அவர்கள் வீட்டு லாரி ஆபீஸில் அவள் சொல்வதுதான் சட்டம் என்று கேள்வி. சரோஜாவின் வீட்டுக்குத் தலைமையாசிரியரும் கமலா டீச்சரும் போனார்கள். அவளுடைய அப்பா இருவருக்கும் காப்பி கொடுத்து, தை மாதம் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று சொல்லி அனுப்பினார்.

7

வியாழக்கிழமைக் கூட்டத்தில் பிரின்சிபால் அம்மாவும் ஒன்பது பெற்றோரும் இருந்தோம். மேசையில் பிஸ்கட். எல்லோரும் மிக மெல்லிய குரலில் ஒருவருக்கொருவர் நன்றி சொல்லிக்கொண்டார்கள். ஒரு தந்தை, பையன்கள் என்றால் அப்படித்தான் இருப்பார்கள் என்றார். நூலக ஏற்பாட்டை எல்லோரும் பாராட்டினார்கள்.

என் முறை வந்தது. என் பள்ளியில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்ல நினைத்தேன். சுருக்கமே வினையாயிற்று. "எங்கள் பள்ளியில் உடனே ஒயிட்வாஷ் செய்தோம், நல்ல பலன் கிடைத்தது" என்றேன்.

பிரின்சிபால் அம்மா பேனாவைக் கீழே வைத்தார். "மிஸஸ் செங்கோடன், இந்தப் பள்ளியில் நாங்கள் எதையும் ஒயிட்வாஷ் செய்வதில்லை."

"அதுதான் தவறு" என்றேன் நான், உற்சாகமாக. "கட்டாயம் செய்ய வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. தேவையானால் நானே வந்து உதவுகிறேன்."

அந்த அம்மாவின் கழுத்து சிவந்தது. எனக்கு எதுவும் புரியவில்லை. பக்கத்தில் இருந்த ஜமைக்காக்காரத் தாய் ஒருத்திதான் முதலில் சிரித்தாள். இந்த ஊர் ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குக் குற்றத்தைப் பூசி மெழுகுவது என்று பொருளாம். நடந்ததைப் பூசி மெழுகுங்கள், கூட நானும் மெழுகித் தருகிறேன் என்று பள்ளிக்கூடத்தாரிடம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

பிறகு முழுக் கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று. கரி, டீக்கடை, கூட்டல் குறி, கைமணி எல்லாம். கையால் சுண்ணாம்பு அடித்துக் காட்டினேன். கணக்கின் விடை எங்களுக்குக் கிடைக்காத இடம் வந்தபோது சிரிப்பு நின்றது. பையன்கள் அப்படித்தான் என்று சொன்ன தந்தை பிஸ்கட்டைத் தட்டில் திரும்ப வைத்தார்.

"அப்படியானால் நூலகத்தில் யார் உட்கார வேண்டும் என்கிறீர்கள்?" என்று பிரின்சிபால் அம்மா கேட்டார்.

"மார்க் போட்டவர்கள்" என்றேன். "புத்தகம் நல்லது என்று எல்லோரும் சொன்னீர்களே."

அடுத்த திங்களன்று அந்த நான்கு பையன்களும் நூலகத்துக்குப் போனார்கள். அதற்குமுன் கேரனின் வீட்டுக்குத் தங்கள் பெற்றோருடன் போய் வந்தார்கள். கேரன் செவ்வாய்க்கிழமை வந்தாள். நித்யாவுக்கு என்மேல் மட்டும் கோபம் தீரவில்லை. கூட்டத்தில் நான் சுண்ணாம்பு அடித்துக் காட்டியது எப்படியோ பள்ளி முழுக்கத் தெரிந்துவிட்டது. "அம்மா, அடுத்த தடவை கையை ஆட்டாமப் பேசு" என்றாள். அடுத்த தடவை என்று அவள் சொன்னதை நான் குறித்துக்கொண்டேன்.

8

அதற்கு அடுத்த கோடையில் ஊருக்குப் போயிருந்தேன். ராசிபுரம் பஸ் நிலையத்தில் யாரோ என் தோளைத் தொட்டார்கள். திரும்பிப் பார்த்தால் சரோஜா. கூடவே ரெட்டைப் பின்னலோடு ஒரு பெண்.

"என்ற புள்ள, தேன்மொழி. ஆறாப்பு சேத்துப்போட்டு வாரேன்" என்றாள். நாங்கள் படித்த அதே பள்ளியில்தான். நெய்க்கடை வாசலில் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து பேசினோம். யார் யார் எங்கே இருக்கிறார்கள், யாருக்கு எத்தனை பிள்ளைகள் என்று எல்லாம் முடிந்தது. மகளின் பின்னலைச் சரிசெய்துகொண்டே கேட்டாள்.

"ஒன்னு கேக்கோணும் மல்லிகா. அன்னிக்குச் செவுத்துல எம்பேரையும் எழுதுனீங்களா?"

பதினாறு பதினேழு வருடமாக நான் எத்தனையோ பேரிடம் சிரித்துச் சிரித்துச் சொன்ன கதை அது. இந்தக் கேள்வி ஒரு முறைகூட எனக்கு வந்ததில்லை.

"இல்ல சரோஜா" என்றேன். "அட்டெண்டன்ஸ் வரிசையில எழுதுனோம். அதுல உன்ற பேரை..."

"அடிச்சுப்போட்டாங்கல்ல. ஆமா." தலையாட்டினாள். "எங்கய்யன் வெள்ளையடிக்கறதுக்கு முன்னாலயே பாத்துட்டு வந்தாரு. 'ஊருப் புள்ளைக பேரெல்லாம் செவுத்துல கெடக்குது, நல்லவேளை நாம முன்னாடியே நிறுத்திப்போட்டோம்'னு சொன்னாரு. நான் தறியில உக்காந்திருந்தேன்."

நான் என் கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"எழுதியிருக்கலாம் புள்ள" என்றாள் சரோஜா. குறையாகச் சொல்லவில்லை. குழம்புக்கு உப்புப் போதவில்லை என்பது போலச் சொன்னாள். அதுதான் என்னை உறுத்தியது.

அவளுடைய பஸ் வந்தது. எழுந்திருக்கவில்லை. மடியில் இருந்த பையைத் திறந்து, அன்று வாங்கிய ஆறு நோட்டுகளையும் வெளியே எடுத்தாள். "பேனா வெச்சிருக்கறயா?" என்றாள். கொடுத்தேன்.

"ஊட்டுல போய் எழுதிக்கலாம்மா, பஸ்ஸு போயிரும்" என்றாள் தேன்மொழி.

"போனாப் போகுது, அடுத்த பஸ்ஸு வரும்" என்றாள் சரோஜா.

அவள் பேனா பிடித்துப் பல வருடம் ஆகியிருக்க வேண்டும். ஒவ்வொரு எழுத்தையும் உருட்டி உருட்டி, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஆறு அட்டையிலும் மகளின் பெயரை எழுதினாள். பெயருக்குக் கீழே வகுப்பு, அதற்குக் கீழே பள்ளி. மை காயும்வரை ஒவ்வொன்றையும் ஊதி, என் மடியில் வரிசையாக அடுக்கினாள். இரண்டு பஸ்கள் போய்விட்டன. மூன்றாவது பஸ் வந்ததும் நோட்டுகளை வாங்கி மகள் கையில் கொடுத்தாள். தேன்மொழி அவற்றை மார்போடு அணைத்துக்கொண்டு, பெயர் வெளியே தெரிகிற மாதிரிப் பிடித்தபடி, முதலில் ஏறினாள்.